சூடான எஞ்சின் கிளம்ப மறுக்கிறது, ஆட்டோபைலட் ஆடுகிறது: எங்கே தேடுவது?

அரிசோனாவின் செடோனா விமான நிலையத்தில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தால் உங்கள் செஸ்னா 172எஸ் சிறு விமானத்தின் எஞ்சின் கிளம்புவதில்லை, திரும்பும் வழியில் விமானத்தைத் தானாகச் செலுத்தும் கேஏபி 140 ஆட்டோபைலட் இடமும் வலமுமாக ஆடுகிறது, இரண்டுக்கும் மின்சாரம்தான் காரணமா, பேட்டரியை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். ஸ்டார்ட்டர் விறுவிறுவென்று சுழற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பேட்டரியில் குறையில்லை. நானும் அரிசோனா வெயிலில் இதே விமானத்தை ஓட்டுகிறவன். உங்களுடையவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள்.

முதலில் எஞ்சின். நிறுத்தியதும் குளிர்விக்கும் காற்று நின்றுபோகிறது. சிலிண்டர்களின் சூடு கவுலுக்குள், அதாவது எஞ்சின் மூடிக்குள், தேங்கி மேலே ஏறுகிறது. இந்த விமானத்தின் லைகமிங் ஐஓ-360 எஞ்சினில் எரிபொருளைப் பங்கிட்டு நான்கு சிலிண்டர்களுக்கும் அனுப்பும் மெல்லிய குழாய்கள் சரியாக அந்த உச்சியில்தான் இருக்கின்றன. உள்ளே நிற்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. செடோனா ஓடுதளம் 4,830 அடி உயரத்தில் இருப்பதால், காற்றழுத்தக் குறைவும் கொதிப்புக்குத் துணைபோகிறது. நிறுத்தி அரைமணி முதல் முக்கால் மணி வரை நிலைமை மிக மோசம். ஒரு மதிய உணவுக்கு ஆகும் நேரமும் அதுவே.

கொதிக்கும் பெட்ரோலில் ஒரு பகுதி ஏற்கெனவே சிலிண்டர் வாயிலுக்குக் கசிந்திருக்கும். அதனால்தான் விமானக் கையேடு, சூடான எஞ்சினுக்கு, சுழற்றும் முன் பம்ப்பால் பெட்ரோல் ஊட்டும் (ப்ரைம் செய்யும்) படியை விட்டுவிடச் சொல்கிறது. எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் குமிழை முழுக்க வெளியே இழுத்து (பெட்ரோல் நிற்கும்), காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைச் சற்றே திறந்து சுழற்றுங்கள். பற்றியவுடன் மிக்ஸ்சரை நிதானமாக உள்ளே தள்ளுங்கள். பற்றிச் சில நொடி ஓடி, எரிபொருள் ஓட்ட முள் நடுங்கி, எஞ்சின் தடுமாறினால் குழாயில் ஆவி மிச்சமிருக்கிறது. ஃப்யூவல் பம்ப்பைச் சிறிது நேரம் போட்டால் அடங்கும். மாறாக, கவுலுக்கு அடியில் பெட்ரோல் சொட்டி வாடை அடித்தால் நிரம்பி வழிந்துவிட்டது என்று பொருள். மிக்ஸ்சர் வெளியே, த்ராட்டில் பாதிக்கு மேல் திறந்து சுழற்ற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் ஸ்டார்ட்டருக்குப் போதிய ஓய்வு கொடுங்கள், அதில் அவசரம் வேண்டாம்.

பொனான்சா விமானம் வைத்திருக்கும் நண்பர் சொன்ன முறையை, அதாவது மிக்ஸ்சரை மூடிவைத்துப் பம்ப்பை ஒரு நிமிடம் ஓட்டுவதை, நீங்கள் பின்பற்ற வேண்டாம். அவருடைய விமானத்தில் உள்ள கான்டினென்டல் எஞ்சினில் எரிபொருள் தொட்டிக்குத் திரும்பிச் செல்லக் குழாய் உண்டு, குளிர்ந்த பெட்ரோல் சுற்றிவரும். நம் லைகமிங்கில் அந்தத் திரும்புகுழாய் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் மதியத்தில் மட்டும் மக்கர் செய்தால், தரையிறங்கி நிறுத்துவதற்கு முன்பே, எஞ்சின் சூடாக இருக்கும்போது, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோக்களைச் சோதியுங்கள். அவற்றில் உள்ள நைந்துபோன கம்பிச்சுருள் காலைக் குளிரில் ஒழுங்காக வேலை செய்துவிட்டுச் சூட்டில்தான் காலை வாரும்.

ஆட்டோபைலட்டுக்கு வருகிறேன். காற்று அமைதியான காலையில் பறந்து, முதலில் அதைத் துண்டித்துவிட்டு விமானத்தைக் கையால் ட்ரிம் செய்யுங்கள், அதாவது கையை விட்டாலும் நிலையாகப் பறக்கும்படி சமன்படுத்துங்கள், சறுக்கலைக் காட்டும் பந்து நடுவில் நிற்கட்டும். பிறகு ஆட்டோபைலட்டை, இறக்கைகளை மட்டமாக வைக்கும் ரோல் நிலையில் மட்டும் போடுங்கள். அந்நிலையில் அது, திரும்பும் வேகத்தைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர் என்ற கருவியை மட்டுமே நம்புகிறது. அங்கேயே ஆடினால் அந்தக் கருவியின் தேய்ந்த ஜைரோ (உள்ளே சுழலும் சக்கரம்), அல்லது ஆட்டோபைலட்டின் மோட்டாரான சர்வோவையும், இறக்கையைச் சாய்க்கும் எய்லரான் மடிப்பின் கம்பியையும் இணைக்கும் சிறு கம்பியின் தளர்வு. கம்பி தளர்ந்தால் சர்வோ திருப்பியது இறக்கைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. அதற்குள் ஆட்டோபைலட் மேலும் திருப்பிவிடுகிறது, பிறகு எதிர்ப்பக்கம் ஓடுகிறது. ரோலில் அமைதி, குறித்த திசையில் செல்லும் ஹெடிங் நிலையில் ஆட்டம் என்றால் திசைகாட்டும் ஜைரோவைப் பாருங்கள். வழிகாட்டும் சமிக்ஞையைப் பின்தொடரும் நேவ் நிலையில் மட்டும் என்றால் வருகிற சமிக்ஞையில் குறை. விஓஆர் எனும் தரைவழிகாட்டி வானொலி நிலையத்தை நெருங்கும்போது முள் அலைவது இயல்பு.

உங்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. உயரத்தைப் பிடித்திருக்கும் ஆட்டோபைலட்டோடு கையால் மல்லுக்கட்டாதீர்கள். நீங்கள் இழுக்க இழுக்க, அது மூக்கைக் கீழே தள்ளும்படி ட்ரிம்மை ஓட்டிக்கொண்டே போகும். துண்டிக்கும் நொடியில் அந்தப் பளு முழுவதும் உங்கள் கைக்கு வந்துவிடும். சந்தேகம் வந்தால் யோக்கை (விமானத்தைத் திருப்பும் கைப்பிடியை) கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முதலில் அதிலுள்ள ஆட்டோபைலட்டைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். அடங்காவிட்டால் ஆட்டோபைலட்டுக்கு மின்சாரம் தரும் சர்க்யூட் பிரேக்கரை இழுங்கள்.

ரோல், ஹெடிங், நேவ் மூன்றில் எதில் ஆடியது, எந்த வேகத்தில், ஒரு ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று குறித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். இங்கேயும் எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.