பக்தியை விலக்கிவிட்டு ஆயாவை எழுத முடியுமா?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

என் ஆயா, அப்பாவைப் பெற்றவர், எலத்தகிரிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் சென்ற ஆண்டு தமது 96ஆம் வயதில் இறந்தார். 1928இல் பிறந்தவர். ஏழு பிள்ளைகள், 23 பேரப்பிள்ளைகள். ஓராண்டு நினைவுத் திருப்பலியன்று கொடுப்பதற்காக அவரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதித் தருமாறு வீட்டார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அடக்கத்தன்று பேசியவர்கள் எல்லாரும் செபமாலை, பூசை, பக்தி என்பதையே சொன்னார்கள். எனக்குக் கோவிலுக்குப் போகும் வழக்கம் விட்டுப்போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பக்தியை விலக்கிவிட்டு, அதற்கு அடியில் இருந்த பெண்ணை மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன். சின்ன அத்தை வேறு மதத்தவரை மணந்தபோது ஆயா 11 ஆண்டுகள் அவரோடு பேசவில்லை. அதை எழுதுவதா, விடுவதா என்றும் தெரியவில்லை.

ஆர்., கிருஷ்ணகிரி

அன்புள்ள ஆர்.,

ஆயாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். நீங்கள் சொல்லும் வழியில் அந்த நூலை எழுத முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் போனது அதற்குக் காரணமில்லை. நம்பிக்கை இல்லாதவராலும் அதை நன்றாக எழுத முடியும். ஆனால் அந்தத் தலைமுறைப் பெண்களுக்குப் பக்தி மேலே போர்த்திக்கொண்ட முக்காடு அல்ல. அழுவதற்கும், கோபப்படுவதற்கும், ஒருவரை மறக்காமல் வைத்திருப்பதற்கும் அவர்களிடம் இருந்த மொழியே அதுதான். அதை விலக்கினால் அடியில் ஒரு பெண் கிடைப்பாள் என்று எண்ணாதீர்கள்.

என் ஆயாவைக் கொண்டே இதைச் சொல்கிறேன். அவரும் உங்கள் பகுதியான பர்கூர்ப் பக்கத்தவர்தான். இரவு களியும் குழம்பும் முடிந்ததும் திண்ணையில் எல்லாரும் முழங்காலிட வேண்டும். செபமாலை முடிந்தபின் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, இயேசு கற்பித்த செபமான பரலோக மந்திரம் ஒன்றும், மரியாளை வாழ்த்தும் அருள் நிறை மந்திரம் ஒன்றும் சொல்லுவார். முதலில் இறந்தவர்கள், பிறகு நோயாளிகள், பிறகு வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், பிறகு கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர். எங்கள் குடும்பத்தில் யார் எப்போது இறந்தார், யாருக்கு எது நேர்ந்தது என்பதை நான் எந்தப் பதிவேட்டிலும் படித்ததில்லை. தூக்கம் சொக்கும் கண்களோடு அந்தத் திண்ணையில் கேட்டே அறிந்தேன். இறுதியில், பெயர் எதுவும் சொல்லாமல், உதடு மட்டும் அசைய இன்னொரு பரலோக மந்திரம் வரும். அது யாருக்கு என்று கேட்டால் பதில் வராது.

அவர் இறந்தபின்தான் பெரிய அத்தை சொன்னார். ஆயாவின் முதல் குழந்தை பிறந்த சில மணி நேரத்தில், ஞானஸ்நானம் பெறாமலே இறந்துவிட்டது. ஆபத்து வேளையில் பெற்றவரோ பக்கத்து வீட்டாரோ யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய ஒழுங்கு. அறையில் இருந்த பெண்களுக்கும் அது தெரியும். ஆனாலும் அந்தப் பதற்றத்தில் ஒருவருக்கும் கை எழவில்லை. அத்தகைய குழந்தைகள் மோட்சம் சேர மாட்டார்கள் என்றே அவருக்குச் சிறுவயதில் சொல்லித்தந்திருந்தார்கள். குழந்தையைக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். பெயர் வைக்கப்படாததால் பெயர் சொல்லிச் செபிக்கவும் வழியில்லை. அதற்குப்பின் தெருவில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் ஆயா ஒரு செம்பில் தண்ணீரோடு போய் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாராம். அந்தச் செம்பு இன்றும் என்னிடம் இருக்கிறது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளும் மீட்படைவார்கள் என நம்புவதற்குத் தக்க காரணம் உண்டு என்று வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்ட அறிக்கை வந்தது 2007இல். என் ஆயா 1998இலேயே போய்விட்டார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

உங்கள் ஆயாவின் காலத்தையும் இந்த வழியாகவே அணுகிப் பாருங்கள். அவர் பிறந்தபோது சேலம் மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி, கூட இல்லை; அது 1930இல் வந்தது, தருமபுரி மறைமாவட்டம் 1997இல். வீடு மாறாமலே சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தருமபுரி மாவட்டத்துக்கும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் வந்தவர் அவர். இவையெல்லாம் அவரை அவ்வளவாகத் தொட்டிருக்காது. ஆனால் பூசை மாறியது தொட்டிருக்கும். சாமியார் பீடத்தை நோக்கி நின்று இலத்தீனில் பூசை செய்ய, பின்னால் பெண்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்து, ஏழு பிள்ளைகளையும் பெற்றிருப்பார். பூசையை மக்களின் மொழிக்குக் கொண்டுவர வழி திறந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்தபோது அவருக்கு வயது 37. அருள் நிறை மந்திரத்தைப் பழைய வடிவில் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’ என்று கற்றவர், ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. தனியாக இருக்கும்போது எந்த வடிவத்தில் சொன்னார் என்று யாரேனும் கவனித்திருக்கிறார்களா? 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் செபமாலையில் தியானிக்க ஒளியின் மறைபொருள்கள் என்ற புதிய பகுதியைச் சேர்த்தபோது, 74 வயதில் அதை ஏற்றுக்கொண்டாரா? நன்மை வாங்குவதற்கு, அதாவது பூசையில் நற்கருணை உட்கொள்வதற்கு, முன் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்ற ஒழுங்கு 1953இல் தளர்ந்து, 1957இல் மூன்று மணி நேரமாகவும், 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. எங்கள் ஆயா கடைசிவரை நள்ளிரவுக் கணக்கையே வைத்துக்கொண்டார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட வேண்டிய பிறகும் அப்படித்தான். அதில் பிடிவாதமும் உண்டு, அன்பும் உண்டு. இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

எத்தனை பிள்ளைகள், எத்தனை பேரப்பிள்ளைகள் என்னும் கணக்கை ஒரு பக்கத்தில் முடித்துவிடுங்கள். அவருடைய செபப் புத்தகம் இருந்தால் அதை முழுவதும் புரட்டுங்கள். இறந்தவர்களின் நினைவுப் படங்களைப் பக்கங்களுக்கு இடையில் வைப்பது அந்தப் பெண்களின் வழக்கம். எந்தச் செபத்தின் பக்கத்தில் யாருடைய படம் இருக்கிறது என்பதை, படத்தை எடுத்துவிடாமல், அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

சின்ன அத்தையைப் பற்றி: எழுத வேண்டும். தாம் பெற்ற மகளோடு 11 ஆண்டுகள் பேசாமல் இருந்தது பெரிய கொடுமை. பக்தியின் பெயரால் நடந்தது என்பதற்காக அதைச் சிறிதாக்கக் கூடாது. அத்தையின் பிள்ளைகள் எந்தத் திருவிழாவுக்கும் அந்த வீட்டுக்கு வராமல் வளர்ந்திருப்பார்களே. ஆனால் எழுதும் முன் ஒன்றை விசாரியுங்கள். அந்த 11 ஆண்டுகளும் அந்த வீட்டில் இரவுச் செபம் நடந்திருக்கும். அதில் அத்தையின் பெயர் வந்ததா? வந்தது என்றால் எந்த இடத்தில், இறந்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பின்னாலா, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு சேர்த்தா? அப்போது வீட்டில் இருந்த மருமகள்களுக்கு, அதாவது உங்கள் அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ, அது கட்டாயம் நினைவிருக்கும். கிடைக்கும் பதில் எதுவானாலும், நூலில் எழுதுவதற்கு முன் அத்தையின் வீட்டுக்குப் போய் அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.