"அந்த ஆன்ட்டிக்கு முடி இல்லையா?"

மின்சார ரயிலில் ஹிஜாப் போட்ட பெண்ணைப் பார்த்து உங்கள் ஐந்து வயது மகள் இப்படிச் சத்தமாகக் கேட்க, நீங்கள் அவள் வாயைப் பொத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேள்வியில் தப்பே இல்லை சகோதரி. வாயைப் பொத்தினால்தான் இது ஏதோ பேசக்கூடாத விஷயம் என்று பிள்ளைக்குத் தோன்றும்.

நான் திருவல்லிக்கேணியில் இருக்கிறேன், ஹிஜாப் போடுபவள். கீழ்வீட்டுக் குட்டியும் இதையே கேட்டாள். உள்ளே கூப்பிட்டு, ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். துணி விலகியதும், "ஐ, உங்களுக்கும் பின்னல்!" என்றாள். அப்புறம் வேர்க்காதா என்று கேட்டாள். மே மாதத்தில் நன்றாகவே வேர்க்கும் என்றேன்.

இந்த வயதுக்கு, "அல்லாஹ் சொன்னபடி நடக்கணும்னு வெளியே போகும்போது தலையை மூடிக்கிறாங்க, வீட்டுல எடுத்துடுவாங்க" என்றாலே போதும். சாந்தோம் பக்கம் போனால் கன்னியாஸ்திரிகளின் தலைத்துணியையும் காட்டுங்கள். "நல்ல பொண்ணுங்க மூடிப்பாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். மூடாத முஸ்லிம் பெண்களும் நிறைய உண்டு. கொஞ்சம் வளர்ந்ததும், குர்ஆன் 24-ஆம் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தச் சொல்வது முதலில் ஆண்களிடம்தான் என்பதையும் சொல்லலாம். எங்கள் ஆட்களே பலர் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்!

அடுத்த முறை ரயிலில் கேட்டால், அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு அங்கேயே பதில் சொல்லுங்கள்.