அக்காவிடம் கேளுங்கள்: வாரத்துக்கு ஏழு வசனம் போதுமா?

கேள்வி: அக்கா, ஒவ்வொரு ஜனவரியிலும் 'ஒரு வருடத்தில் வேதாகமம்' அட்டவணையை எடுத்து பைபிளுக்குள் செருகிவிடுகிறேன். ஆதியாகமம், யாத்திராகமம் வரை ஜோராகப் போகிறது, லேவியராகமம் வந்ததும் வண்டி நின்றுவிடுகிறது. பள்ளிக்கூட வேலை, இரண்டு பிள்ளைகள், மாமியாருக்கு வேளாவேளைக்கு மருந்து. விட்ட நாட்களைப் பிடிக்க ஒரே ராத்திரியில் பத்து அதிகாரம் ஓட்டினால் காலையில் ஒன்றும் ஞாபகமில்லை. 'நாள் கணக்கை விடு, வாரக் கணக்காகத் தியானம் பண்ணு, ஒரு நோட்டு வைத்துக்கொள்' என்கிறாள் தோழி. அதை எப்படிச் செய்வது?
– ஓர் ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: லேவியராகமத்தில் நின்றவர்களுக்கு ஒரு சங்கமே ஆரம்பிக்கலாம் சகோதரி, உறுப்பினர் சேர்க்கை பிரமாதமாக இருக்கும். கணக்கைப் பாருங்கள். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வார நாட்களில் மூன்று, ஞாயிறு ஐந்து என்ற பழைய கணக்கில் வாரத்துக்கு 23. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, இரண்டும் முடிய ஏறக்குறைய நான்கு வாரம். ஆக, புத்தாண்டு வேகம் வடிந்து, பள்ளியில் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் கட்டுக்கட்டாக வந்து விழுகிற ஜனவரி கடைசியில்தான் சரியாக லேவியராகமத்தின் சர்வாங்க தகனபலியும் குஷ்டரோகப் பிரமாணமும் உங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. இதில் உங்கள் பக்தியின் குறை ஒன்றும் இல்லை.

இந்த மாதிரி அட்டவணைகளில் பேர்போனது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842 கடைசியில் தன் சபைக்காகப் போட்டுக் கொடுத்தது. நாளுக்கு நான்கு அதிகாரம், அதுவும் ஆதியாகமம், எஸ்றா, மத்தேயு, அப்போஸ்தலர் என்று நான்கு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் தொடங்கும், அதனால் லேவியராகமத்தில் தனியாக மாட்டிக்கொள்ள வழியில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, அட்டவணையோடு சேர்த்தே அதன் ஆபத்துகளையும் அவர் எழுதி வைத்ததுதான்: சடங்காகிவிடும், வாசித்து முடித்தோம் என்ற சுயநீதி வரும், கவனமில்லாமல் ஓட்டுவோம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடும். நீங்கள் சொன்ன 'ஒரே ராத்திரியில் பத்து அதிகாரம்' இதில் மூன்றாவதிலும் நான்காவதிலும் வருகிறது. அட்டவணையைக் கொடுத்த சில மாதங்களில், 29 வயதில், அவர் இறந்துபோனார். அட்டவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தோழி சொல்வது சரி. முழு வேதாகமத்தையும் வாசிப்பது நல்லதுதான், அதற்கு இரண்டு வருடமோ மூன்று வருடமோ ஆகட்டும். ஆனால் தியானத்துக்கு வாரத்துக்கு ஒரே ஒரு பகுதி, ஏழெட்டு வசனம் போதும். ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகள் தூங்கிய பிறகு பகுதியைத் தேர்ந்தெடுத்து, நோட்டில் தேதி போட்டு, வசனங்களைக் கையால் எழுதிவிடுங்கள். ஆமாம், முழுசாக. போர்டில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளை எழுதச் சொல்கிற உங்களுக்கு ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உதாரணத்துக்கு மாற்கு 10-ஆம் அதிகாரம் 46 முதல் 52 வரை, பர்திமேயு என்ற குருட்டுப் பிச்சைக்காரன் இயேசுவைக் கூப்பிட்டுப் பார்வை பெற்ற பகுதி. திங்கட்கிழமை வாசித்தால் தெரிந்த கதைதான், ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டது. செவ்வாய் அன்று இன்னொரு தரம் வாசிக்கும்போது, 'அவன் பேசாதிருக்கும்படி அநேகர் அவனை அதட்டினார்கள்' என்பது கண்ணில் படும். இயேசு நின்று கூப்பிட்டதும் அந்த ஜனங்களே 'திடன்கொள், எழுந்திரு' என்கிறார்கள். இதை நோட்டில் எழுதும்போதே, போன வாரம் வகுப்பில் நாம் யாரை அதட்டி உட்கார வைத்தோம் என்பது தானாக ஞாபகத்துக்கு வரும், அந்தப் பிள்ளையின் பெயர் அன்றைய ஜெபத்துக்குள் வந்துவிடும். புதன் அன்று மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு வந்தான் என்பது. பிச்சைக்காரனுக்கு ராத்திரிப் போர்வையும் அதுதான், கண் தெரியாதவன் கூட்டத்தில் எறிந்ததைத் திரும்பத் தேடி எடுக்க முடியுமா? வியாழக்கிழமை ஒன்றுமே தோன்றாது. பரவாயில்லை, தேதியை மட்டும் போட்டுவிட்டு மூடுங்கள்.

வெள்ளிக்கிழமை 'நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்' என்ற கேள்வியில் நின்றுவிட்டு, கொஞ்சம் மேலே 36-ஆம் வசனத்துக்குப் போய்ப் பாருங்கள். ஏறக்குறைய இதே கேள்வியை இயேசு தம் சீடர்கள் யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டிருக்கிறார். அவர்கள் அவருடைய வலது பக்கம் ஒரு இடம், இடது பக்கம் ஒரு இடம் கேட்டார்கள். இவன் பார்வை கேட்டான். இப்போது அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டு பதிலை நோட்டில் எழுதுங்கள், அழகாக எழுத வேண்டாம், உண்மையாக எழுதினால் போதும். சனிக்கிழமை வாரத்தின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோக வேண்டியது எது என்று ஒரு வரி. அன்றைக்குத்தான் தெரியும், 46-இல் வழியருகே உட்கார்ந்திருந்தவன் 52-இல் வழியிலே பின்சென்றான் என்பது. ஒரே மூச்சில் மூன்று அதிகாரம் ஓடியிருந்தால் இது கையில் கிடைத்திருக்காது.

ஜெபக்குறிப்புகளையும் இப்படியே வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வீட்டாருக்கு, ஒரு நாள் உங்கள் வகுப்புக்கு, ஒரு நாள் சபைக்கும் வியாதியஸ்தருக்கும், இன்னொரு நாள் ஊருக்கும் நாட்டுக்கும். தினமும் எல்லாரையும் சொல்ல நினைத்தால் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஒரு நாள் விட்டுப்போனால் அதைப் பிடிக்க ஓடாதீர்கள். விட்ட நாள் விட்டதுதான்.

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் அமெரிக்க ஷிஃப்ட். அதிகாலை நாலு மணிக்குத்தான் கேப் வீட்டில் இறக்கிவிடும். சபையில் எல்லாரும் அதிகாலை ஜெபம், அதிகாலை ஜெபம் என்கிறார்கள். குற்ற உணர்வாக இருக்கிறது அக்கா.
– சென்னை வாசகர்

பதில்: தம்பி, இயேசு 'அதிகாலையில், இருட்டோடே எழுந்து' ஜெபம்பண்ணினார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது, நிஜம்தான். ராத்திரி முழுவதும் மலையில் ஜெபம்பண்ணினார் என்று லூக்கா 6-இலும் இருக்கிறது. தாவீது 'இராச்சாமங்களில் உம்மைத் தியானிக்கிறேன்' என்கிறார். உங்களுக்கென்றே ஒரு சங்கீதம் உண்டு, 134, மூன்றே வசனம். 'இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும்' ஊழியக்காரருக்காக எழுதியது, அவர்களும் நைட் ஷிஃப்ட்தான். கேபில் வரும் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். வாரப் பகுதியை ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி ஐ.டி. கார்டுக்குப் பின்னால் செருகி வையுங்கள், வெளிச்சம் இல்லாவிட்டால் ஞாபகத்திலிருந்து சொல்லிப் பாருங்கள். லீவு நாளில் உட்கார்ந்து எழுதலாம். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஆறு மணிக்கு எழுந்து கொட்டாவி விடுவதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

கேள்வி: கண்ணை மூடி ஜெபித்தால் மனம் கரண்ட் பில், கல்யாண மொய் என்று எங்கெங்கோ போகிறது. எழுதி ஜெபித்தால் நிற்கிறது. ஆனால் சபையில் ஒரு மூத்த சகோதரர், எழுதி வைத்து ஜெபிப்பது ஆவியில் ஜெபிப்பது ஆகாது என்கிறார்.
– வாசகி, தூத்துக்குடி

பதில்: அந்தச் சகோதரரிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: 150 சங்கீதங்களும் பின்னே என்ன? எசேக்கியா ராஜா சாகக் கிடந்து பிழைத்தபோது 'எழுதிவைத்ததாவது' என்று ஏசாயா 38-இல் ஒரு ஜெபமே இருக்கிறது, நாரையைப் போல் கூவினேன், புறாவைப் போல் புலம்பினேன் என்று வரும். நோய்ப் படுக்கையிலிருந்து எழுந்தவன் எழுதியது அது, அதில் ஆவி இல்லை என்று யார் சொல்வது?

மனம் அலைவது பற்றி. பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், ஜெபத்துக்குப் பேர்போன மனிதர், கேட்டதையும் கிடைத்ததையும் கணக்காக எழுதி வைத்தவர். எழுந்ததும் நேராக ஜெபிக்கத் தொடங்கிய காலத்தில் முதல் பத்து நிமிடம், கால் மணி, சில நாள் அரை மணி நேரம்கூட மனம் அலைந்தது என்று 1841-இல் அவரே எழுதியிருக்கிறார். அப்புறம் வரிசையை மாற்றினார். முதலில் வேத வசனத்தைத் தியானிப்பது, அதிலிருந்தே அறிக்கையும் ஸ்தோத்திரமும் விண்ணப்பமும் வர விடுவது. நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். கரண்ட் பில் ஞாபகம் வந்தால் நோட்டின் ஓரத்தில் 'கரண்ட் பில்' என்று குறித்துவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். மொய்க்குப் பணம் இல்லாத கவலை என்றால் அதை ஓரத்தில் தள்ளாமல் நடுவில் எழுதுங்கள், அதுதான் அன்றைய விண்ணப்பம்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். உங்கள் பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் வாங்கி வாசிக்கிறேன். இந்த வாரத் தியானம் எங்களுக்கும் ஒத்து வருமா?
– வாசகி, வேளாங்கண்ணி

பதில்: உங்களுக்குத்தான் வேலை சுலபம், பகுதியைத் தேட வேண்டியதே இல்லை. வருகிற ஞாயிறு திருப்பலியின் நற்செய்தி வாசகத்தைத் திங்கட்கிழமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் அதோடு இருந்துவிட்டு ஞாயிறு மறையுரை கேட்டுப் பாருங்கள், சாமியார் சொல்வது வேறு மாதிரி கேட்கும், சில சமயம் மனதுக்குள் வாக்குவாதமும் வரும். ஒரு வருடம் மத்தேயு, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா என்று மூன்று ஆண்டுச் சுற்று. மேலே சொன்ன பர்திமேயு பகுதிகூட மாற்கு ஆண்டில் பொதுக்காலம் 30-ஆம் ஞாயிறு வாசகம்தான்.

12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இரண்டாம் கிகோ என்ற கர்த்தூசியன் மடத்துத் துறவி இதை நான்கு படி ஏணியாக எழுதினார்: வாசிப்பு, தியானம், செபம், அப்புறம் ஒன்றும் பேசாமல் ஆண்டவர் முன் இருப்பது. கடைசிப் படியை நம்மில் பலர் தாண்டிக் குதித்துவிடுகிறோம். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற புத்தகம் 1548-இல் அச்சானது, அதில் ஆத்தும சோதனைக்கு, அதாவது நம்மை நாமே சோதித்துப் பார்ப்பதற்கு, ஒரு படமே போட்டிருக்கிறார். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஜோடிக் கோடு, திருத்த நினைக்கிற ஒரே ஒரு குறையில் எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளி, பிறகு நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட வேண்டும். வார டைரி ஏதோ இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்களும் ஞாயிறு வாசகப் பட்டியலை இப்படிப் பயன்படுத்தலாம், திருச்சபைப் பஞ்சாங்கத்தில் அச்சிட்டுத்தான் தருகிறார்கள், யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

கேள்வி: என் ஜெப நோட்டைக் கணவர் எடுத்து வாசித்துவிட்டு, 'என்னைப் பற்றிக் கர்த்தரிடம் கோள் சொல்கிறாயா?' என்கிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.
– மதுரை வாசகி

பதில்: முதலில் சிரித்துவிடுங்கள். அப்புறம் நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், 'உன் கதவைப் பூட்டி' என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆட்களின் பெயருக்குப் பதில் ஒரு எழுத்துப் போதும், கர்த்தருக்கு விலாசம் தேவையில்லை. ரொம்ப வலித்து எழுதிய பக்கத்தை ஜெபித்து முடித்ததும் கிழித்துப் போட்டாலும் தப்பில்லை. ஆனால் ஒன்று, அவர் வாசித்த விஷயம் உண்மையாக இருந்தால் அதை நோட்டில் மட்டும் வைத்திருக்காமல், நல்ல நேரம் பார்த்து அவரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: பல மாதமாக ஒரே விண்ணப்பத்தை எழுதுகிறேன். பதில் இல்லை. நோட்டைத் திறக்கவே வெறுப்பாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம்

பதில்: அந்த வெறுப்பையே எழுதுங்கள். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது, ஆறு வசனம்தான், அதை இந்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 13 கடைசியில் பாட்டாக மாறிவிடுகிறது, அது உங்களுக்கு இப்போது எட்டாத தூரம் என்றால் 88-க்குப் போங்கள், அது ஆறுதல் ஒன்றும் கிடைக்காமலேயே முடிகிறது, அதையும் வேதாகமத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆறுதல் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையில் 88-ஆம் சங்கீதம் வராது, அதனால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எழுதவே முடியவில்லையென்றால் உங்களுக்காக இன்னொருவரை எழுதச் சொல்லுங்கள், போதகர் அம்மாவோ, கூட வேலை பார்ப்பவரோ. சாப்பாடும் தூக்கமும் போய்விட்டது என்றால் டாக்டரையும் பாருங்கள், அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நோட்டெல்லாம் பழசு அக்கா, ஆப்பிலேயே தியானம், ஜெபக்குறிப்பு எல்லாம் வருகிறதே? தொடர்ந்து எத்தனை நாள் என்றுகூடக் காட்டுகிறது.
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாக வைத்துக்கொள்ளம்மா. அந்த நாள் கணக்கை மட்டும் ஆஃப் பண்ணிவிடு, ஒரு நாள் விட்டால் பூஜ்யத்துக்குப் போய் நிற்கும், உடனே உனக்கு மெக்செயின் சொன்ன நுகம் வந்துவிடும். நெட்டையும் அணைத்துவிட்டு உட்கார், இல்லாவிட்டால் 'கர்த்தர் என் மேய்ப்பரா' வரும்போதே மேலே வாட்ஸ்அப் வந்து எட்டிப்பார்க்கும். இந்த வாரத்துக்கு 121-ஆம் சங்கீதம் எடுத்துக்கொள், எட்டு வசனம், உனக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். அதில் 'காக்கிறவர்', 'காப்பார்' என்று வருகிற இடத்திலெல்லாம் கோடு போட்டுவிட்டு, எதிலிருந்தெல்லாம் காக்கிறார் என்று பக்கத்தில் எழுதிப் பார். செமஸ்டர் எங்கே வருகிறது என்று அடுத்த இதழுக்கு எழுது.