மின்கம்பமும் புயலும்: எந்தத் தேர்வை எழுதுவது?

கேள்வி: மின்பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். கஜா புயலுக்குப் பின் எங்கள் பகுதி வாரக்கணக்கில் இருளில் கிடந்ததைச் சிறுமியாகப் பார்த்தவள். பேரிடர்த் தாங்குதிறன், எரிசக்திக் கொள்கை இரண்டையும் இணைத்து அரசுப் பணியில் ஈடுபட வழி உண்டா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அந்தப் பெயரில் தனித் துறையும் இல்லை, தனித் தேர்வும் இல்லை. ஆனால் வேலை இருக்கிறது. அது வெவ்வேறு அலுவலகங்களில் பிரிந்து கிடக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோனால் என்ன என்ற கேள்வி ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் எழுகிறது. கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய ஊர்களில் உலக வங்கிக் கடனுதவியுடன் அப்பணி மேற்கொள்ளப்பட்டது. எல்லா ஊருக்கும் ஏன் இல்லை என்றால், புதைவடத்துக்கு மேல்நிலைக் கம்பியைவிடப் பல மடங்கு செலவாகும். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி அச்செலவை, மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஏற்றால்தான் மின்கட்டணத்தில் சேர்க்க முடியும். மேலும் புதைவடம் காற்றுக்குத்தான் மருந்து, வெள்ளத்துக்கு அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, தரைமட்டத்தில் இருந்த பில்லர் பாக்ஸ்கள் (தெருவோர மின்பகிர்வுப் பெட்டிகள்) நீரில் மூழ்கியதால், புதைவடம் உள்ள சென்னைப் பகுதிகளிலும் மின்சாரத்தை நிறுத்திவைக்க நேர்ந்தது. எந்த ஊரில் எதைப் புதைப்பது, எதை உயர்த்துவது, யார் பணத்தில் என்று முடிவு செய்வதுதான் நீங்கள் கேட்கும் பணி.

அதற்கான வாசல்களில் முதலாவது மின்பகிர்மானக் கழகத்தின் உதவிப் பொறியாளர் பதவி. இரண்டாவது, மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பொறியியல் பணிகள் தேர்வு; அதன்வழி மத்திய மின்சார ஆணையத்துக்குச் செல்லலாம். மூன்றாவது, டிஎன்பிஎஸ்சி குரூப் 1 வழியாகத் துணை ஆட்சியர் பதவி. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைமையை ஆட்சியரிடம் தந்திருப்பதால், நம் மாநிலத்தில் பேரிடர் என்றாலே பெரும்பாலும் வருவாய்த் துறைதான். தேசியப் பேரிடர் மீட்புப் படையைப் பலர் கேட்கிறார்கள். அங்கு நேரடி ஆள்சேர்ப்பு கிடையாது, துணை ராணுவப் படைகளிலிருந்து அயற்பணியில் (குறிப்பிட்ட காலத்துக்கு அனுப்பப்பட்டு) செல்பவர்களே பணிபுரிகிறார்கள்.

உங்கள் படிப்புக்கு நான் முதல் வாசலையே சொல்வேன். சாய்ந்த கம்பத்தை நிமிர்த்த எத்தனை ஆள், எத்தனை நாள், எந்தத் துணைமின்நிலையம் முதலில் என்பதைக் களத்தில் அறியாதவர் எழுதும் கொள்கை பெரும்பாலும் கோப்போடு நின்றுவிடும். சில ஆண்டுகள் கழித்து பேரிடர் மேலாண்மையில் முதுநிலைப் படிப்புக்குச் செல்லலாம். மும்பை டாடா சமூக அறிவியல் கழகம் அதற்குப் பெயர்பெற்றது. பேரிடர் தாங்கும் உள்கட்டமைப்புக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2019இல் இந்தியாவின் முன்முயற்சியால் உருவாகி டெல்லியில் இயங்குகிறது. ஒடிசாவின் மின்கட்டமைப்பு குறித்து அது செய்த ஆய்வை இப்போதே படிக்கத் தொடங்குங்கள்.

இன்னொன்று, இதற்குத் தேர்வு எதுவும் வேண்டாம். மின்கட்டணத்தை மாற்றுமுன் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவது வழக்கம். அடுத்த கூட்டத்துக்குச் சென்று, கடலோர மாவட்டங்களில் கம்பங்களைப் பலப்படுத்த எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.