பழைய டீசல் பிக்கப்பின் பின்சக்கர டிரம் பிரேக்: கேள்வி பதில்

கேள்வி: முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்குகிறது, இரண்டாம் மிதியில் மேலேயே பிடிக்கிறது. காற்று புகுந்திருக்குமா?

பதில்: காற்று இருந்தால் இரண்டாம் மிதியிலும் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். உங்களுடையது உயர்ந்து கெட்டியாக நின்றால், ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங் தேய்ந்து, ஷூவுக்கும் (உள்ளிருந்து விரிந்து அழுத்தும் வளைந்த தகடு) டிரம்முக்கும் (சக்கரத்தோடு சுழலும் உருளை) இடைவெளி கூடியிருப்பதையே முதலில் ஐயுற வேண்டும். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரத்தைத் தூக்கி, கை பிரேக்கை விடுவித்து, டிரம்முக்குப் பின்னுள்ள பேக் பிளேட் தகட்டின் ரப்பர் மூடியைக் கழற்றி, சக்கரம் உரசி நிற்கும்வரை ஸ்டார் வீலை (ஷூக்களை விரிக்கவும் சுருக்கவும் உதவும் பல்சக்கரம்) திருப்புங்கள்; பிறகு மெல்லிய உரசல் மட்டும் கேட்கும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

கேள்வி: கை பிரேக் மிக உயரத்தில்தான் பிடிக்கிறது. கேபிளை இறுக்கலாமா?

பதில்: கூடாது. முதலில் ஸ்டார் வீல், கடைசியில்தான் கேபிள்.

கேள்வி: டிரம் வெளியே வரவில்லை. சுத்தியலால் அடிக்கலாமா?

பதில்: பல டிரம்களில் மரையிட்ட இரு துளைகள் இருக்கும்; அவற்றில் போல்ட்டுகளைச் செலுத்தி மாறி மாறி இறுக்கினால் டிரம் தானே விலகும். விளிம்பில் தேய்மானத்தால் மேடு நின்றால், ஸ்டார் வீலைத் தளர்த்தி ஷூவைச் சுருக்க வேண்டும். உள்ளே உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். ஈரப்படுத்தித் துடையுங்கள்.

கேள்வி: ஒரு பக்க ஷூ மட்டும் எண்ணெயில் ஊறியிருக்கிறது.

பதில்: கெட்டியாகவும் கந்தக நெடியோடும் இருந்தால் அது அச்சின் ஆயில் சீல் வழியாக வந்த கியர் ஆயில், நீர்மையாக இருந்து, ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கியதும் ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயில். கசிவை நிறுத்திய பின் இரு பக்க ஷூக்களையும் மாற்றுங்கள். பெட்ரோலில் கழுவியோ தீயில் காட்டியோ ஊறிய லைனிங்கை மீட்க முடியாது.

கேள்வி: நான் கேபிளை இறுக்கினேன், நன்றாகவே பிடிக்கிறது. நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள்.

பதில்: கை பிரேக் நெம்புகோல் தாழ்வாகப் பிடிப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் டிரம்முக்குள், கேபிள் முனையிலுள்ள நெம்பு, கை பிரேக்கை விடுவித்த பின்னும் ஓய்வுநிலைக்குத் திரும்பாமல் பாதி இழுபட்டே நிற்பதால், ஷூக்கள் விரிந்தே இருக்கின்றன. பல பிக்கப்புகளில் ஸ்டார் வீலைத் தானாகத் திருப்பும் அமைப்பு ஷூவும் நெம்பும் முழுமையாகத் திரும்புவதையே நம்பியிருப்பதால், அது ஒரு பல்லைக்கூடத் தள்ளாது. பாரம் ஏற்றி அச்சு நகரும்போது கேபிளின் இழுவிசையும் மாறக்கூடும். அப்போது ஷூ உரசி டிரம் சூடேறும். என் சொல்லை நம்ப வேண்டாம்: கேபிள் திருகை முழுவதும் தளர்த்திவிட்டுப் பெடலை மிதியுங்கள். பெடல் முன்னைவிட ஆழமாக இறங்கினால், இதுவரை ஷூவைத் தாங்கி நின்றது கேபிள்தான்.

கேள்வி: எஞ்சின் ஓடும்போதும் பெடல் கல்லாக இருக்கிறது. டிரம்மைத் திறக்கவா?

பதில்: வேண்டாம். டீசல் எஞ்சினில், மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டருக்கான வெற்றிடத்தைத் தனிப் பம்ப் தருகிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறம் இருக்கும். பம்ப்பையும் குழாயையும் பாருங்கள்.

கேள்வி: கை பிரேக் தளர்ந்துள்ளது, கேபிளை எத்தனை சுற்று இறுக்க வேண்டும்?

பதில்: மேலே இருமுறை சொல்லியாயிற்று.

கேள்வி: ஒரு ஷூவின் லைனிங் குட்டையாக உள்ளது. எது முன்புறம் வரும்?

பதில்: இரு ஷூக்களையும் அடியில் ஸ்டார் வீல் இணைக்கும் வகையில், குட்டையானது வண்டியின் முன்பக்கம் நோக்கி வரும். எந்த வகையானாலும் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள்; பார்த்துப் பொருத்த ஒரு மாதிரி இருக்கும், மரை எதிரெதிராக அமைந்த இடது வலது ஸ்டார் வீல்களும் கலந்துவிடா.