எஃப்எம்ஆர்ஐ தரவுக்கு எந்த இடைக்கணிப்பு?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக, மூளைப் படங்களை அலசும் எஸ்பிஎம்12 மென்பொருளில், 3 மி.மீ. வாக்ஸல் (முப்பரிமாணப் படப்புள்ளி) கொண்ட எஃப்எம்ஆர்ஐ தரவை, அதாவது மூளையின் செயல்பாட்டைக் காட்டும் படங்களை, தயார்செய்கிறேன். இடைக்கணிப்புக்கு நியரஸ்ட் நெய்பர் (மிக அருகிலுள்ள வாக்ஸலின் மதிப்பை அப்படியே எடுப்பது), டிரைலீனியர் (அண்டை வாக்ஸல்களின் எடையிட்ட சராசரி), 2 முதல் 7 வரையிலான பி-ஸ்ப்ளைன் (வளைவு பொருத்திக் கணிப்பது) படிகள் என்று தெரிவுகள் நீள்கின்றன. 4-ஆம் படியில் மூளைக்கு வெளியே எதிர்ம எண்கள் வருகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: செயல்பாட்டுப் படங்களுக்கு 4-ஆம் படி பி-ஸ்ப்ளைனையே வைத்துக்கொள்ளுங்கள். எஸ்பிஎம்12 படங்களைப் புதிய கட்டத்தில் (வாக்ஸல் வலையில்) மறுபடி எழுதும்போது இயல்பாகத் தருவதும் அதுவே.

தலையசைவைத் திருத்திய பிறகு புதிய கட்டத்தின் புள்ளிகள் பழைய வாக்ஸல்களின் மையத்தில் விழுவதில்லை. அங்குள்ள மதிப்பை அண்டை வாக்ஸல்களிலிருந்து கணிக்க வேண்டியிருக்கிறது. டிரைலீனியர் முறையில், ஒரு படம் மூன்று அச்சுகளிலும் அரை வாக்ஸல் நகர்ந்திருந்தால் எட்டு அண்டை வாக்ஸல்களின் சராசரியே புதிய மதிப்பாகும். இரைச்சல் ஒன்றையொன்று சாராதது என்று கொண்டால் அதன் திட்டவிலக்கம் ஏறத்தாழ 35 விழுக்காடாகக் குறைந்துவிடும். அசையாத படத்திலோ இரைச்சல் அப்படியே இருக்கும். ஆகவே ஒரே ஓட்டத்துக்குள் (தொடர்ந்து எடுத்த ஒரு பதிவுக்குள்) இரைச்சலின் அளவு தலையசைவோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. டிரைலீனியர் மேல் எனக்குள்ள குறை மங்கலாக்குவது அல்ல, சீரில்லாமல் மங்கலாக்குவதுதான். பின்னர் 8 மி.மீ. அளவுக்கு மென்மையாக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வேறுபாடு பெருமளவு மறைந்துவிடும். மென்மையாக்காமல் பல்வாக்ஸல் வடிவப் பகுப்பாய்வு (பல வாக்ஸல்களின் மதிப்புகள் சேர்ந்து காட்டும் வடிவத்தை ஆராய்வது) செய்பவர்களுக்கு மறையாது. 7-ஆம் படிக்குப் போனால் நேரம்தான் கூடும், பலன் சிறிதே.

எதிர்ம எண்கள் பிழையல்ல. மூளையின் விளிம்பில் ஒளிர்வு திடீரென விழும் இடத்தில் ஸ்ப்ளைன் வளைவு சற்றே கீழே போய்த்தான் திரும்பும். மூளைக்கு வெளியே உள்ளதை ஒதுக்கும் மூளை மாஸ்க் போட்டால் அந்தப் பகுதி கணக்கில் வராது. ஆனால், படத்தில் எண்ணல்லாத மதிப்புகள், அதாவது NaN என்று காட்டப்படும் வாக்ஸல்கள், இருந்தால் ஸ்ப்ளைனுக்கு முந்தைய வடிகட்டல் அவற்றை அந்த வரிசை முழுக்கப் பரப்பிவிடும். அத்தகைய படங்களுக்கு டிரைலீனியரே பாதுகாப்பானது.

முறையைவிட முக்கியம், எத்தனை முறை இடைக்கணிக்கிறீர்கள் என்பது. தலையசைவைத் திருத்தும் ரியலைன் நிலையில் சராசரிப் படத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள். மற்ற படங்களின் அசைவுத் திருத்தம் தலைப்புத் தகவலில் அணியாகப் பதிந்திருக்கும். நார்மலைஸ் நிலை அதையும் எம்என்ஐ உருமாற்றத்தையும் (எம்என்ஐ என்ற பொதுவான மூளை வார்ப்புக்குப் பொருத்துவதையும்) சேர்த்து ஒரே தடவையில் எழுதிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் தரும் அட்லஸ் படங்களுக்கு நியரஸ்ட் நெய்பர் தவிர மேற்கண்ட எதுவும் ஆகாது. மூளைப் பகுதிகளைப் பிரித்துக் குறிக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளின் எண்களில் இடப்புறப் பெருமூளை வெண்பொருள் 2, அதை ஒட்டிய பியூட்டமென் (மூளையின் உட்பகுதியிலுள்ள ஒரு பகுதி) 12. இரண்டின் எல்லையில் டிரைலீனியர் சராசரி எடுத்தால் 7 கிடைக்கும். அந்த எண் இடப்புறச் சிறுமூளையின் வெண்பொருளுக்கு உரியது. மாற்றிய அட்லஸில் உள்ள தனித்த எண்களைப் பட்டியலிட்டு மூலத்தோடு ஒப்பிடுங்கள். தசம எண்ணோ மூலத்தில் இல்லாத எண்ணோ தென்பட்டால் அந்தக் கோப்பை நீக்கிவிட்டு மறுபடி எழுதுங்கள். ஆனால் 7 போன்ற எண் மூலத்திலும் இருக்கும் என்பதால், பியூட்டமெனின் விளிம்பைத் திரையில் பெரிதாக்கிக் கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.