ஹெட்போன் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 48. 'தி கில்லிங்' என்ற டேனிஷ் துப்பறியும் தொடர் என்றால் உயிர். சப்டைட்டில் படித்துப் படித்தே முதல் சீசனை இரண்டு முறை பார்த்துவிட்டேன். "டென்மார்க்குக்கே போயிடு" என்று கணவர் கேலி செய்கிறார். கண்புரை ஆபரேஷன் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "யாரு அது? என்ன சொல்றா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இப்போது ஹெட்போன் போட்டுக்கொள்கிறேன். இந்த வயதில் இப்படி ஓர் ஆசை தப்பா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: 'ஆசை தப்பா' என்று கேட்டு வராத வாரம் இல்லை. அதை விடுங்கள். எனக்கு உறுத்துவது அந்த ஹெட்போன்.

உங்களுக்கு டேனிஷ் தெரியாது. படித்துத்தான் புரிந்துகொள்கிறீர்கள். புரியாத பாஷையைக் கேட்க ஹெட்போன் எதற்கு? அத்தையின் குரல் காதில் விழக் கூடாது, அதற்குத்தானே? இதைக் கண்டுபிடிக்க அந்தத் தொடரில் துப்பறியும் போலீஸ்காரி சாரா லுண்ட் வர வேண்டியதில்லை. எழுத்து தெரியாத கண்ணோடு இருப்பவருக்கு மிச்சம் இருந்தது சத்தம் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள். அந்த அம்மா ஊமைப்படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீங்கள் கொண்டாடும் சாராவும் இந்த விஷயத்தில் லேசுப்பட்டவள் இல்லை. கோபன்ஹேகனில் மகனோடு அம்மா வீட்டில் தங்கியிருப்பாள். அம்மா சொல்வது எதுவும் காதில் ஏறாது. அவளாவது கொலைகாரனைத் துரத்துகிறாள். உங்களுக்கு என்ன அவசரம்? 2007-இல் வந்த தொடர், கொலைகாரன் யார் என்றும் உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் மூத்தவர் ஒன்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பழைய பஞ்சாங்கம் என்று என்னைத் திட்டினாலும் சரி, இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதை சொல்லுங்கள். முதல் சீசனில் 20 எபிசோடு, ஒவ்வொன்றும் விசாரணையில் ஒரு நாள். ராத்திரிக்கு ஒன்று போதும். நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள்: "இவன் மேயர் எலெக்‌ஷன்ல நிக்கிறவன் அத்தை, அவன் கொலையான பொண்ணோட வாத்தியார்" என்று. மகளைப் பறிகொடுத்த பெர்னில சமையலறையில் உட்கார்ந்திருக்கும் காட்சி வந்தால் மட்டும் சும்மா இருங்கள். அதை அவருக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. கொலைகாரன் யார் என்பதை முன்னாலேயே உளறிவிடாதீர்கள், அவரே யோசித்துச் சொல்லட்டும்.

அப்புறம் அந்த ஆபரேஷன். ஏன் தள்ளிப்போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களைக் கேலி செய்ய நேரமிருக்கும் கணவருக்கு, பெற்ற தாயைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக நேரமில்லையா? இந்தப் பக்கத்தை அவரிடமும் காட்டுங்கள்.